கை வைக்க இடம் தரும் கார்

பிராம்ப்டன், ஒன்டாரியோ

டொரோன்டோவுக்கு மேற்கே இருக்கும் பிராம்ப்டனை யாரும் கார் ஊர் என்று அறிமுகப்படுத்துவதில்லை. தெருவுக்குத் தெரு பஞ்சாபிப் பெயர்ப்பலகைகள், லாரி ஓட்டுநர்கள் கூடும் தாபாக்கள், வெண்ணெய் உருகும் பராத்தா, கொதிக்கக் கொதிக்க டீ. கனடாவின் குளிர் மட்டும் இல்லையென்றால் லூதியானாவின் புறநகர் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் வலிமையான எஞ்சின் கொண்ட அமெரிக்க மஸில் கார்களைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 2008 முதல் 2023 டிசம்பர் வரை டாட்ஜ் சேலஞ்சர்கள் இந்த ஊர் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தன. இப்போது ஆலை ஓடவில்லை. சேலஞ்சருக்குப் பதிலாக ஜீப் காம்பஸ் இங்கே தயாராகும் என்றார்கள். 2025 அக்டோபரில் அதுவும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு மாறிவிட்டது. சுமார் 3,000 தொழிலாளர்களின் பிழைப்பு அந்தரத்தில் நிற்கிறது. இங்கே யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் நாலு வார்த்தைக்குள் ஆலை வந்துவிடுகிறது.

சேலஞ்சர் ஒரு புதிர். அதை விடுவித்தால் மஸில் கார் என்ற முழு விஷயமும் புரியும். கடந்த பத்தாண்டுகளில் போட்டி மூன்று கார்களுக்கு இடையே இருந்தது. ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 460 ஹெச்பி, செவர்லே கமாரோ எஸ்எஸ் 455 ஹெச்பி, சேலஞ்சர் ஸ்கேட் பேக் 485 ஹெச்பி. கால் மைல் ஓட்டத்தில் மூன்றும் 12 நொடிக்கும் 13 நொடிக்கும் நடுவில் முடித்துவிடும். வளைவு என்று வந்தால் கமாரோ முதல், சேலஞ்சர்தான் கடைசி. ஏறக்குறைய 1,900 கிலோ எடை, மற்ற இரண்டையும்விட 200 கிலோ அதிகம். அடித்தளமோ டாட்ஜின் தாய்க் கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லரோடு கூட்டு வைத்திருந்த காலத்தில் பிறந்தது. எந்தப் பந்தயப் பாதையில் அளந்தாலும் இது மூன்றாவது இடம்தான். ஆனால் 2021-இல் அமெரிக்காவில் சேலஞ்சர் 54,314 விற்றது, மஸ்டாங் 52,414, கமாரோ 21,893. அடுத்த ஆண்டும் வரிசை மாறவில்லை: 55,060, 47,566, 24,652. அளவுகோலில் முதலில் நின்ற கார் கடையில் கடைசி, அளவுகோலில் கடைசியாக நின்றது கடையில் முதல்.

வாங்குபவர்களுக்கு விவரம் தெரியவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்த வகைக் காரை வாங்குபவர்கள் அமெரிக்காவிலேயே அதிகம் படித்து, அதிகம் விவாதித்து வாங்குபவர்கள். என் வாதம் இதுதான்: மூன்று காரும் வேகத்தில் இவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு, கம்பெனி அச்சிடும் எண்கள் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் காரில் எவ்வளவு தூரம் கை வைக்க முடியும், கை வைத்தால் அது எவ்வளவு தாங்கும் என்பதே தீர்மானிக்கிறது. சேலஞ்சர் விஷயத்தில் அந்தக் கையைக் கம்பெனியே வைத்தது. 2015-இல் வந்த ஹெல்கேட் 707 ஹெச்பி. 2018-இன் டீமன், பந்தய எரிபொருளில் 840 ஹெச்பி. 2023-இல் விடைபெறும் பதிப்பாக வந்த டீமன் 170, ஈ85 எத்தனால் கலவையில் 1,025 ஹெச்பி, கால் மைலை 8.91 நொடியில் கடந்தது. ஹெல்கேட் வாங்கினால் இரண்டு சாவி கிடைக்கும். கறுப்புச் சாவி போட்டால் எஞ்சின் 500 ஹெச்பியோடு அடங்கி ஓடும், சிவப்புச் சாவிக்குத்தான் 707-ம் திறக்கும். ஒரு மெக்கானிக் ஐந்து வருடத்தில் படிப்படியாகச் செய்து தரும் வேலையை வாரண்டியோடு ஷோரூமில் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெருமையின் நிழலில் சாதாரண சேலஞ்சர்களும் விற்றன. பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடிந்ததும், 459 லிட்டர் டிக்கியும் குடும்பஸ்தர்களின் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தின.

இதற்கு விலையும் உண்டு. அமெரிக்க இன்ஷூரன்ஸ் புள்ளிவிவர நிறுவனமான ஹெச்எல்டிஐ 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, சேலஞ்சரின் நான்கு கதவு உடன்பிறப்பான சார்ஜர் ஹெல்கேட், சராசரிக் காரைவிட 60 மடங்குக்கு மேல் திருட்டு இழப்பீடு கோரப்பட்ட கார். மதிப்பைக் கணக்கிடுபவர்கள் வாங்கும் விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் சேர்த்து ஐந்து வருடக் கணக்குப் போட்டால், ஹெல்கேட் மலிவான வேகம் என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.

புளூ வாட்டர் பாலம், ஃபிளின்ட், லான்சிங்

ஒன்டாரியோவின் தட்டையான வயல்களைக் கடந்து சார்னியாவில் புளூ வாட்டர் பாலம் ஏறினால், கீழே செயின்ட் கிளேர் ஆறு பெயருக்கேற்ற நீலத்தில் ஓடுகிறது. அக்கரையில் மிச்சிகன். அங்கிருந்து ஐ-69 நெடுஞ்சாலை நேராக ஃபிளின்ட் நகருக்குக் கொண்டுபோய் விடும். 1908-இல் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பிறந்த ஊர், 1936-37 குளிர்காலத்தில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து தொழிற்சங்க உரிமையை வாங்கிய ஊர். இந்த ஊர் கோனி ஹாட் டாக்கின் மேல் ஈரமில்லாத கொத்துக்கறி. டெட்ராய்ட்டில் அதே கோனியின் மேல் குழம்பு போல ஊற்றுகிறார்கள். எது அசல் என்ற சண்டை இங்கே ஃபோர்டா செவர்லேயா என்ற சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

லான்சிங், ரான்சம் ஓல்ட்ஸ் 1897-இல் கார் கம்பெனி தொடங்கிய ஊர். ஓல்ட்ஸ்மொபில் 2004-இல் முடிந்துபோனது. அதே ஊரின் கிராண்ட் ரிவர் ஆலையில் 2016 மாடல் முதல் கமாரோ வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பரோடு அதுவும் நின்றது. ஓட்டத் தெரிந்தவர்களிடம் மூன்றில் எது நல்ல கார் என்று கேட்டால் பெரும்பாலும் கமாரோவைத்தான் சொல்வார்கள், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காடிலாக்குக்காக உருவாக்கிய ஆல்ஃபா அடித்தளம், அதற்கேற்ற இறுக்கமான சேஸிஸ், திருப்பினால் உடனே திரும்பும் ஸ்டீயரிங். 650 ஹெச்பி இசட்எல்1 1எல்இ, 2017-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 16.04 நொடியில் சுற்றியது. பல மடங்கு விலையுள்ள ஐரோப்பிய கார்களோடு ஒப்பிட வேண்டிய நேரம் அது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் ஜன்னல் தோளுக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. பின்னால் வருவது தெரியாது, பக்கத்தில் வருவது பாதிதான் தெரியும். டிக்கி 258 லிட்டர், அதன் வாயோ அதைவிடக் குறுகல். பந்தயப் பாதைக்கு ஆண்டில் சில நாள் போகிறவருக்கும் மீதி நாளெல்லாம் சாதாரணச் சாலைதானே.

இங்கே என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று எழும். கை வைப்பதுதான் மதிப்பு என்றால் முதலில் வென்றிருக்க வேண்டியது கமாரோ அல்லவா? அமெரிக்காவில் அதிகமாகக் கை வைக்கப்பட்ட நவீன எஞ்சின் ஜிஎம்மின் வி8 தான். 1997-இல் தொடங்கிய எல்எஸ் வரிசையும் அதன் வாரிசான எல்டி வரிசையும் புஷ்ராட் அமைப்பு கொண்டவை. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே. அதனால் எஞ்சின் குட்டையாக, கச்சிதமாக இருக்கும், கேமை மாற்றுவதும் எளிது. மறுப்பு நியாயமானது, ஆனால் இதே காரணம்தான் கமாரோவுக்கு எதிராகவும் வேலை செய்தது. அந்த எஞ்சின் வேண்டுமென்றால் கமாரோ வாங்க வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடக்கும் செவர்லே பிக்கப்பிலிருந்து 5.3 லிட்டர் எல்எஸ் எஞ்சினைக் கழற்றி, எழுபதுகளின் நோவாவிலோ ஜப்பானிய மாஸ்டாவிலோ மாட்டிவிடலாம். ஊருக்கு ஊர் அப்படித்தான் செய்கிறார்கள். கமாரோவின் எல்டி1 எஞ்சினுக்கோ இன்னொரு சிக்கல். அதில் நேரடி எரிபொருள் செலுத்தல் மட்டும்தான் உண்டு. சூப்பர்சார்ஜர் போட்டுக் காற்றை அழுத்தத் தொடங்கினால் முதலில் மூச்சு முட்டுவது பெட்ரோல் பம்ப்தான். ஜிஎம் எஞ்சினில் தாராளமாக இருந்தது, காரில் கஞ்சத்தனமாக இருந்தது. அந்த அடித்தளம் இன்றும் லான்சிங்கில் உயிரோடு இருக்கிறது, காடிலாக் சிடி5-வி பிளாக்விங் என்ற பெயரில், 668 ஹெச்பியோடும் ஆறு கியர் மேனுவலோடும். விலை 90,000 டாலருக்கு மேல். லான்சிங்கில் அந்தக் காரைச் செய்பவர்களில் எத்தனை பேரால் அதை வாங்க முடியும் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

உட்வர்ட் அவென்யூ: பான்டியாக் முதல் டெட்ராய்ட் வரை

பான்டியாக்கில் தொடங்கி டெட்ராய்ட் ஆற்றங்கரை வரை சுமார் 43 கிலோமீட்டர் நீளும் உட்வர்ட் அவென்யூதான் மஸில் காரின் பிறந்த வீடு. 1909-இல் அமெரிக்காவின் முதல் மைல் கான்கிரீட் சாலை இதில்தான் போடப்பட்டது. ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டின் பழைய ஆலை இன்னும் நிற்கிறது, 1913-இல் நகரும் அசெம்பிளி லைன் தொடங்கிய அதே கட்டடம். ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால் சாலை நெடுகப் புல்தரையில் மடக்கு நாற்காலிகள் முளைத்துவிடும். 1995 முதல் நடக்கும் உட்வர்ட் டிரீம் குரூஸ் அது. ஃபெர்ன்டேல் ஊரில் குழந்தைகளுக்கு ஒரு கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டத் தொடங்கியது, இன்று லட்சக்கணக்கானோரை இழுக்கிறது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிகள், அவர்கள் பேரப்பிள்ளைகள், ஐஸ்பெட்டியில் பானங்கள், கிரில்லில் சாசேஜ். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை ஹெச்பி என்று கேட்டால் ஒரு எண்ணோடு பேச்சு முடிந்துவிடும். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

இந்தப் பழக்கம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்கள் 1964-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜிஎம் தலைமை விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் உள்ளிட்ட, ஜிஎம்மின் பான்டியாக் பிரிவுப் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் லமான்ஸ் காரில், தனி மாடலாக இல்லாமல் சுமார் 296 டாலர் கூடுதல் கட்டணத் தொகுப்பாக நுழைத்தார்கள். அதுதான் ஜிடிஓ. ஆக, மஸில் காரே ஒரு மாற்றமாகத்தான் பிறந்தது. உட்வர்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் டீலர் ஒரு படி மேலே போனார். மெல்லிய ஹெட் கேஸ்கெட், மாற்றிய கார்புரேட்டர் ஜெட், இக்னிஷன் நேரத்தைத் திருத்திய டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சேர்த்து ராயல் பாப்கேட் என்ற பெயரில் விற்றார். அந்த ஆண்டு மார்ச்சில் கார் அண்டு டிரைவர் இதழ் ஜிடிஓவை அதே பெயர் கொண்ட ஃபெராரியோடு ஒப்பிட்டு எழுதி நாட்டையே பேசவைத்தது. இதழுக்குக் கொடுத்த காரில் ஒன்று 389-க்குப் பதிலாக 421 கன அங்குல எஞ்சின் மாட்டிய கார் என்பதை, பான்டியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். மஸில் கார் உலகின் முதல் புகழ்பெற்ற எண்ணே கை வைத்த காரின் எண். தொழிற்சாலை எண்களைப் புனிதமாக வைத்துப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மறுப்பு பணம் சம்பந்தப்பட்டது. மாற்றிய கார் விற்கும்போது விலை இறங்கும், 8,000 டாலர் போட்டு வைத்த சூப்பர்சார்ஜருக்கு வாங்குபவர் பாதிகூடத் தரமாட்டார், பிறகு அது எப்படி மதிப்பாகும்? உண்மைதான், மாற்றத்துக்குச் செலவழித்த பணம் திரும்பாது. ஆனால் கை படாத காருக்கு ஏன் கூடுதல் விலை என்று ஒரு அடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அடுத்து வாங்குபவர் தன் விருப்பப்படி தானே மாற்ற நினைக்கிறார், முன்னவர் செய்ததை நம்ப அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் விவரமான உரிமையாளர்கள் கழற்றிய அசல் எக்ஸாஸ்ட்டையும் ஸ்பிரிங்கையும் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறார்கள். சந்தை பணம் கொடுப்பது மாற்றும் வாய்ப்புக்கு.

நம் நாட்டில் இந்த வாய்ப்பே சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையொட்டி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புல்லட்டுக்கு மாட்டிய சைலன்சர்களைக் காவல் துறை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சி நமக்குப் பழக்கம். மிச்சிகனில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனைகூடக் கிடையாது. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளியார் உதிரிபாகம் மாட்டியதாலேயே வாரண்டி செல்லாது என்று கம்பெனி சொல்ல முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும். நெரிசலும் விபத்தும் மிகுந்த நம் சாலைகளுக்குக் கட்டுப்பாடு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் நம்மூர் பட்டறைகளில் இருக்கும் கைத்திறனை நினைத்தால், பாதுகாப்பைக் கெடுக்காத மாற்றங்களுக்குச் சோதித்துச் சான்று தரும் வழி ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃபிளாட் ராக், மிச்சிகன்

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஹ்யூரான் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபிளாட் ராக், மாஸ்டா கம்பெனி 1987-இல் கார் தயாரிக்கத் தொடங்கிய ஆலையைக் கொண்ட அமைதியான ஊர். 2004 முதல் மஸ்டாங் இங்கே உருவாகிறது. மூன்றில் இன்றும் வி8-ஓடு புதிதாகக் கிடைக்கும் ஒரே கார் அதுதான். 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சின் டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சரில் தயாராகி வருகிறது. நான்கு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, 7,000 ஆர்பிஎம்மைத் தாண்டியும் சலிக்காத சுழற்சி. 2018-இல் ஃபோர்டு செய்த ஒரு மாற்றம்தான் இந்தக் காரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது என்பேன். நேரடி எரிபொருள் செலுத்தலோடு பழைய போர்ட் முறையையும் சேர்த்து இரண்டு வழியிலும் பெட்ரோல் வர வைத்தார்கள். கமாரோவுக்கு மூச்சு முட்டிய இடத்தில் மஸ்டாங்குக்கு இடம் மிச்சமிருந்தது. பம்பு எரிபொருளிலேயே சூப்பர்சார்ஜர் வைத்து 700 ஹெச்பி எடுப்பது இங்கே சாதாரணப் பேச்சு. பலவீனம் இல்லாமல் இல்லை. ஆயில் பம்பின் பல்சக்கரங்கள் உலோகத்தூளை அழுத்திச் செய்தவை. அதிக சுழற்சியில் அவை விண்டுவிட்டால் எஞ்சின் எண்ணெயில்லாமல் நொடிகளில் பாழ். பெரிய வேலை செய்பவர்கள் எல்லோரும் முதலில் உள்ளங்கை அகலச் சக்கரங்களை எஃகில் கடைந்தவையாக மாற்றிவிடுகிறார்கள். இந்தப் பலவீனமும் அதற்கு வைத்தியமும் ஊரறிந்தவை என்பதே ஒரு மதிப்பு. ரகசியமாகக் கெடும் எஞ்சினைவிட, எங்கே கெடும் என்று எல்லோருக்கும் தெரிந்த எஞ்சின் மேல்.

விலையையும் பார்க்கலாம். 1964 ஏப்ரலில் முதல் மஸ்டாங் 2,368 டாலருக்கு வந்தது, இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 24,000. நான்கு சிலிண்டர் மஸ்டாங்கே இப்போது 30,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஜிடி 2024-இல் 40,000-க்கு மேல் தொடங்கியது. தொழிலாளியின் கார் என்ற பழைய பெயர் தேய்ந்துவருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நம் நாட்டுக்கு இதே கார் 2016-இல் வந்தபோது 65 லட்சம் ரூபாய், அதுவும் 396 ஹெச்பியாகக் குறைக்கப்பட்டு. அமெரிக்க விலையில் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஃபோர்டுக்குச் சென்னைக்கு அருகே மறைமலைநகரில் ஆலை இருந்தும், 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியேறும்வரை அங்கே உருவானவை ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் போன்றவைதான். ஃபிளாட் ராக்கில் ஷிஃப்ட் முடிந்து கதவு வழியே வருபவர்களைப் பார்க்கும்போது மறைமலைநகர் நினைவுக்கு வராமல் போகாது. பெற்றோர் வேலை செய்த ஆலை இருக்குமா இருக்காதா என்று பிள்ளைகள் பேசும் பேச்சு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

நார்வாக், ஒஹாயோ

டொலிடோவைத் தாண்டினால் சோளமும் சோயாவும், இடையிடையே சிவப்புக் களஞ்சியங்கள். ஈரி ஏரியின் ஓரத்துக் கடைகளில் மஞ்சள் பெர்ச் மீனை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள், முள் அகற்றி, எலுமிச்சையோடு. அந்த வழியில் நார்வாக்கில் இருக்கிறது சம்மிட் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க், கால் மைல் டிராக் ஓட்டத்துக்குப் பெயர்போன இடம். பொதுமக்கள் தங்கள் காரையே கொண்டுவந்து ஓட்டும் நாட்களும் இங்கே உண்டு. ஓட்டம் முடிந்ததும் கையில் கிடைக்கும் நேரச் சீட்டில், விளக்கு மாறியதற்கும் கார் அசைந்ததற்கும் இடைப்பட்ட நேரம், முதல் 60 அடிக்கான நேரம், 330 அடி, அரைக்கால் மைல், 1,000 அடி, கால் மைல், கடைசி வேகம் என வரிசையாக அச்சாகியிருக்கும். அனுபவமுள்ளவர்கள் கடைசி வரியை விட்டுவிட்டு 60 அடி வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள். டயர் தரையைப் பிடித்ததா என்பதை அதுதான் சொல்லும். அந்த வரியில் பத்தில் ஒரு நொடி குறைந்தால் முடிவில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். அதைக் குறைக்க 485 ஹெச்பி தேவையில்லை, நல்ல டிராக் ரேடியல் டயர் ஒரு ஜோடி போதும். கம்பெனிகள் கொட்டை எழுத்தில் போடும் 25 ஹெச்பி வித்தியாசம் டயர் செலவில் கரைந்துபோகிறது. போதாக்குறைக்கு மஸ்டாங்கிலும் கமாரோவிலும் இருக்கும் பத்து கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர்டும் ஜிஎம்மும் கூட்டாக வடிவமைத்தது. பரம எதிரிகள் என்று நாம் நினைப்பவர்களின் காருக்குள் ஒரே குடும்பத்து கியர்பாக்ஸ்.

வேகம்தான் அளவு என்றால் மின்சாரக் கார் வாங்கிவிடலாமே என்பது கடைசி மறுப்பு, வலுவானதும்கூட. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் மூன்று நொடிக்குள் மணிக்கு 60 மைல் தொடுகிறது, ஜிடியையும் ஸ்கேட் பேக்கையும் பின்னால் விட்டுவிட்டு. குடும்பத்தோடும் போகலாம், புகையும் இல்லை. வேகத்துக்கு மட்டும் காசு கொடுப்பவர் அதைத்தான் வாங்க வேண்டும், நானே அப்படித்தான் சொல்வேன். ஆனால் டாட்ஜ், சேலஞ்சரின் இடத்தில் 670 ஹெச்பி மின்சார சார்ஜர் டேடோனாவைக் கொண்டுவந்து, ஒலிபெருக்கி வழியே எக்ஸாஸ்ட் சத்தம்கூடக் கொடுத்துப் பார்த்தது. வாங்க ஆள் குறைவாக இருந்ததும், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு அதே கார் தொடர்ந்து வந்ததும் எல்லோரும் பார்த்ததுதான். எடை 2,600 கிலோவுக்கு மேல் என்பது ஒரு காரணம். உரிமையாளர் செய்வதற்கு அதில் எதுவுமில்லை என்பது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கை வைப்பதற்கும் எல்லை உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறியும் பட்டறைகள் மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வழக்குப் போட்டு அபராதம் விதிப்பதை ஆதரிக்கிறேன். கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் சான்று எண்ணோடு வரும் சூப்பர்சார்ஜர்கள் இருக்கும்போது, ஊர்க்காற்றைக் கெடுத்து வேகம் தேட ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் 2024 மஸ்டாங்கில் நடந்தது வேறு. எஞ்சினை ஆளும் கணினிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இணையப் பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள், வயர்லெஸ்ஸில் மென்பொருள் ஏற்றும் காரில் அந்தக் கவலை பொய்யும் அல்ல. ஆனால் வெளியார் டியூனர்கள் நுழைய வழியில்லாமல் நின்ற காலத்திலேயே ஃபோர்டு தன் பெயரில் 800 ஹெச்பி அளவில் சூப்பர்சார்ஜர் கிட் அறிவித்தது. டாட்ஜ் சென்ற அதே பாதை இது, கை வைக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும். இன்று யாராவது என்னிடம் எதை வாங்குவது என்று கேட்டால், குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவருக்குப் பழைய ஸ்கேட் பேக், பந்தயப் பாதைக்குப் போகிறவருக்குக் கமாரோ எஸ்எஸ் 1எல்இ என்று சொல்வேன். மற்ற எல்லோருக்கும் 2018 முதல் 2023 வரையிலான மஸ்டாங் ஜிடி, முடிந்தால் உப்பு தூவிய குளிர்காலச் சாலையில் ஓடாதது, சுமார் 30,000 டாலருக்கு. புது ஜிடி அதைவிட 20 முதல் 36 ஹெச்பி வரை கூடுதல்தான், ஆனால் அந்தப் பழைய காரின் கணினியை ஊர் மெக்கானிக் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே திறந்துவிடுவார்.